எழுத்தும் புள்ளியும்: புகையும் நுரையீரலின் மரபணுக்களும்

 

மொழியியல் கற்றவர்க்கு நுரையீரலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. நாம் மருத்துவரும் அல்லோம், உயிரியலாரும் அல்லோம். ஆயின் மரபணுவைப் பற்றி நம் நாளேடுகளும் நூல்களும் தமிழில் எழுதுங்கால் ஆளுகின்ற சொற்கள் நம் துறையின் எல்லைக்குள் வருவன. அச்சொற்களுள் ஒன்று மயக்கம் தருவதாய் அமைந்துவிட்டால், படிப்பவர் தம் உடலைப் பற்றி எடுக்கும் முடிவும் மயங்கிவிடுகிறது. அதற்கு ஒரு சான்று கூறித் தொடங்குகிறோம்.

பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையோர உணவகம் ஒன்றில் நமக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் உண்டு. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டுப் புகைப்பழக்கம் உடையவர்; மகளின் வற்புறுத்தலால் அதனை விட்டுவிட முயன்றுகொண்டிருந்தார். ஒருநாள், புகை மரபணுவை மாற்றிவிடுகிறது என்னும் பொருள்பட வந்த செய்தியொன்றை நம்மிடம் காட்டி, “மரபணுவே மாறிப்போச்சுன்னு போட்டிருக்காங்க ஐயா. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது? எல்லாம் தலையெழுத்து” என்றார். 2019-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் உணவகங்களில் புகைக்கத் தடை உள்ளமையால், எழுந்து மூன்று மீட்டர் தள்ளிச் சென்று, சாலையோரம் நின்று ஒன்றைப் பற்றவைத்தார்.

அச்செய்தி பொய்யன்று. ஆனால் அவர் அதனை விளங்கிக்கொண்ட முறை பெரும்பாலும் பிழையானது. அப்பிழைக்கு அவரைக் குறை கூறுவதற்கில்லை. ‘மரபணு மாற்றம்’ என்னும் தொடரே காரணம். சோயா விதையில் வேற்று மரபணுவைப் புகுத்துவதும் தமிழில் மரபணு மாற்றம்; மரபணுவின் எழுத்து ஒன்று பிறழ்ந்து வேறாவதும் மரபணு மாற்றம்; எழுத்து எதுவும் பிறழாமல், ஒரு மரபணு கூடுதலாகவோ குறைவாகவோ செயற்படத் தொடங்குவதும் மரபணு மாற்றம். மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். முதியவர் படித்த செய்தி மூன்றாவதைப் பற்றியது. அவர் மனத்தில் பதிந்ததோ இரண்டாவது. இரண்டிற்கும் உள்ள தொலைவு, திரும்பி வரக்கூடிய வழிக்கும் திரும்ப முடியாத வழிக்கும் உள்ள தொலைவாகும்.

ஆகவே முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் உடலில் கருவுடைய உயிரணு ஒவ்வொன்றிலும், அதன் கருவினுள், டி.என்.ஏ. என்னும் இழை உள்ளது. நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என நான்கே எழுத்துகள். அவற்றின் வரிசையில் நமக்குரிய செய்தி முழுவதும் பொதிந்திருக்கிறது. அந்நீண்ட வரிசையில், புரதம் ஒன்றை ஆக்குவதற்குரிய குறிப்பைத் தாங்கிய பகுதிகள் சற்றேறக்குறைய 20,000. அவற்றையே மரபணுக்கள் என்கிறோம். கண்ணின் உயிரணுவுக்கும் நுரையீரலின் உயிரணுவுக்கும் சுவடி ஒன்றே. ஆனால் கண் அதில் சில ஏடுகளைப் படிக்கிறது. நுரையீரல் வேறு சில ஏடுகளைப் படிக்கிறது. எந்த ஏட்டினைப் படிப்பது, எத்துணை முறை படிப்பது என்பதே மரபணுவின் வெளிப்பாடு. உடல்நலமும் நோயும் பல வேளைகளில் சுவடியின் எழுத்தைக் காட்டிலும் அதன் வாசிப்பைப் பொறுத்தே அமைகின்றன.

படிக்கவேண்டாத ஏட்டினை உயிரணு எவ்வாறு மூடி வைக்கிறது? இங்கு நமக்குப் பழக்கமான ஒன்று உதவிக்கு வருகிறது. மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியொடு நிற்றல் என்பது தொல்காப்பியம் எழுத்ததிகாரம் கூறும் இலக்கணம். ககரத்தின் வடிவம் மாறுவதில்லை. தலையில் ஒரு புள்ளி ஏறியதும் அதனுள் உறைந்த அகரம் அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ. இழையிலும் இத்தகைய புள்ளி ஒன்று உண்டு. குவானினுக்கு முன் நிற்கும் சைட்டோசினின் மேல், ஒரு கரியும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் என்னும் சிறு கூட்டம் ஏறி அமரும். எழுத்து சைட்டோசினாகவே இருக்கும். ஆனால் மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்புள்ளிகள் செறிந்துவிட்டால், அம்மரபணு பெரும்பாலும் வாய்மூடிவிடும். புள்ளி உதிர்ந்தால் மீண்டும் பேசும்.

பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோர் பட்ட இடர்ப்பாட்டை மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். ஓலை கிழியும் என்று அஞ்சி, எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டனர் என்பர். ‘கல’ என்று ஓலையில் இருந்தால், ‘கல்’ என்று படித்துக் கற்கச் சொல்வதா, ‘கல’ என்றே படித்துக் கலக்கச் சொல்வதா? எழுத்து அதுவே, புள்ளியின் இன்மையால் பொருள் தடுமாறுகிறது. புகை நுரையீரலில் செய்யும் முதற்கேட்டினை இதனோடு ஒப்பிடலாம். ஒப்புமைக்கு எல்லையுண்டு என்பதையும் சொல்லிவிடவேண்டும்: மரபணுவின் நடுப்பகுதியில் ஏறும் மெத்தில் புள்ளி எப்போதும் வாயடைப்பதில்லை, சில வேளைகளில் மாறாகவும் செயற்படும். உவமையை அளவுக்கு மேல் இழுத்தால் அதுவும் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

இனிப் புகைக்கு வருவோம். நம் கிள்ளான் பள்ளத்தாக்கு புகைக்குப் புதிதன்று. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்தபின், கட்டடங்களைச் செங்கல்லும் ஓடும் கொண்டே எழுப்பவேண்டும் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹாமின் ஆட்சி பணித்தது. அத்தேவையால் யாப் ஆ லோய் தொடங்கிய செங்கல் தொழிலே பிரிக்பீல்ட்ஸ் என்னும் ஊர்ப்பெயருக்குக் காரணம் என்பர். சூளை என்றால் விறகு; விறகென்றால் புகை. தோட்டங்களில் ரப்பர்ப் பாலைத் தகடாக்கி, விறகுப் புகையில் பல நாள் தொங்கவிட்டு உலர்த்தும் கூடங்கள் இருந்தன. அவற்றில் நின்று உழைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் நுரையீரலைச் சோதித்தவர் யார்? ரப்பர்த் தகட்டின் தரத்தைப் பற்றி ஏடு ஏடாக எழுதிவைத்த காலம் அது.

நம் தலைமுறை அறிந்த பெரும்புகை 1997-இல் வந்தது. எல் நினோவால் மழை பொய்த்த அவ்வாண்டில், சுமத்திராவிலும் களிமந்தானிலும் காடுகளும் கரிநிலங்களும் எரிந்தன. சரவாக்கில் காற்று மாசுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. அங்கே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அக்குறியீட்டில் 100-க்கு மேற்பட்டது நலத்துக்கு ஒவ்வாதது, 300-க்கு மேற்பட்டது அபாயகரமானது என்பதை நினைவிற்கொண்டால் 800-இன் பொருள் விளங்கும். அதன்பின் சில ஆண்டுகள் குறியீட்டு எண்களை வெளியிடாமல் வைத்திருந்த அரசு, 2005 ஆகஸ்டில் மீண்டும் வெளியிட்டது. வெளியிட்டவுடனேயே, ஆகஸ்ட் 11-ஆம் நாள், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் எண் 500-ஐக் கடந்து நெருக்கடி நிலை வந்தது. 2015-லும் 2019-லும் பள்ளிகள் மூடப்பட்டதை இங்குள்ள மாணவர்களே அறிவார்கள்.

மலாயில் இதனை ஜெரெபு என்பர்; நாம் புகைமூட்டம் என்கிறோம். மேகமூட்டம் போன்ற அழகிய ஆக்கம்தான். ஆனால் அவ்வொப்புமையாலேயே, இதுவும் மழையைப் போல் வானத்திலிருந்து தானே இறங்கியது என்னும் எண்ணத்தை அச்சொல் தந்துவிடுகிறது. புகைதல் தன்வினை, புகைத்தல் பிறவினை. புகைமூட்டத்தில் வினைமுதல் மறைந்துவிடுகிறார். மலாய்மொழிக்கும் தமிழுக்கும் உள்ள அரிய ஒற்றுமை ஒன்றையும் ஈண்டுக் குறிக்கலாம். கேட்பவரை உட்படுத்திய நாம், உட்படுத்தாத நாங்கள் என்று தமிழ் பிரிப்பது போலவே, கித்தா என்றும் காமி என்றும் மலாய் பிரிக்கும். புகையைப் பற்றிய பேச்சில் மட்டும் இவ்விரு மொழியாரும் ‘அவர்கள்’ என்பதையே பெரிதும் ஆள்கிறோம். சுமத்திராவிலிருந்து வரும் புகை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கிள்ளானை அடுத்த ஜொகான் செத்தியாவின் கரிநிலம் வறண்ட மாதங்களில் நம் கண்முன்னேதான் புகைகிறது. அது சிலாங்கூர் மண். அங்கே எரியூட்டுவோர் சிலாங்கூரார்.

கரிநிலத் தீக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது சுடர்விட்டு எரிவதில்லை. மண்ணுக்கடியில் ஈரத்தோடு கனன்று புகையும். முழுமையாக எரியாத கரிமப் பொருள்கள் அதனால் மிகுதியாக வெளியேறும். அவற்றுள் பல, மயிரிழையின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கேயான 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். இத்துகள் மூக்கு மயிரில் சிக்காது. தொண்டைச் சளியில் நில்லாது. மூச்சுக்குழல் இருபதுக்கும் மேற்பட்ட முறை கிளைத்துக் கிளைத்து முடியும் இடத்திலுள்ள காற்றுப்பைகள் வரை செல்லும். நம் நாட்டுக் குறியீட்டுக் கணக்கில் இந்நுண்துகள் 2018-இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளின் எண்களையும் பிந்தியவற்றையும் ஒப்பிடும் ஆசிரியர்கள் இதனை மறவாதிருத்தல் வேண்டும். 24 மணி நேரச் சராசரியாக நம் தரஅளவு கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராம் வரை இடந்தருகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவோ 15.

துகள் உள்ளே சென்றபின் நிகழ்வதைச் சற்று நின்று காண்போம்; இவ்வுரையின் நடுப்பகுதி இதுவே.

சிகரெட்டுப் புகையிலும் விறகுப் புகையிலும் கரிநிலப் புகையிலும் பொதுவாக உள்ள ஒரு வகைப் பொருள் உண்டு. பென்சீன் வளையங்கள் பல ஒட்டிய ஹைட்ரோகார்பன்கள். பென்சோபைரீன் அவற்றுள் பெயர் பெற்றது. மூச்சுக்குழலை உள்ளே போர்த்தியுள்ள உயிரணுவில், இத்தகைய பொருளின் வரவை எதிர்நோக்கி ஒரு புரதம் காத்திருக்கிறது. அதன் பெயர் ஏ.எச்.ஆர். அதனை வாயிற்காவலன் எனலாம். பென்சோபைரீன் வந்து பற்றியதும் காவலன் தன் இடம் விட்டுப் பெயர்ந்து, உயிரணுவின் கருவினுள் புகுந்து, துணைப் புரதம் ஒன்றோடு சேர்ந்து, சில மரபணுக்களை எழுப்பிவிடுகிறான். அவற்றுள் தலையாயது சி.ஒய்.பி.1ஏ1. புகை படாத நுரையீரலில் ஏறத்தாழ உறங்கிக்கிடக்கும் இம்மரபணு, புகை பட்டதும் உரத்துப் பேசத் தொடங்குகிறது. அது ஆக்கும் நொதி, எண்ணெய்த்தன்மையுள்ள நச்சினை நீரில் கரைவதாக்கி உடலை விட்டு வெளியேற்ற முற்படும்.

நல்ல ஏற்பாடு. ஆயின் இடையில் ஓர் இக்கட்டு உண்டு. வெளியேற்றும் வழியில் அந்நொதி பென்சோபைரீனை இன்னும் கொடிய வடிவம் ஒன்றாக ஆக்கிவிடுகிறது. அவ்வடிவம் டி.என்.ஏ.வின் குவானினைப் பற்றி ஒட்டிக்கொள்ளும். காப்பதற்காக எழுந்தவன் கையிலேயே கத்தி இருக்கிறது. எத்தனை மணி நேரம் புகை நீடிக்கிறதோ அத்தனை நேரமும் அவன் அக்கத்தியை வீசிக்கொண்டிருப்பான்.

அதனால் அவனை அடக்குவதற்கென்றே உயிரணு இன்னொரு மரபணுவை வைத்திருக்கிறது: ஏ.எச்.ஆர்.ஆர். புகைக்காதவரிடத்தில் இதன் மேல் மெத்தில் புள்ளிகள் செறிந்திருக்கும். புகைப்பவரிடத்தில் அப்புள்ளிகள் உதிர்ந்துவிடுகின்றன; அடக்குபவன் விழித்துக்கொள்கிறான். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வுதிர்வை இரத்தத்திலிருந்து பெற்ற உயிரணுக்களில் மட்டுமன்றி, நுரையீரலில் துகள்களை விழுங்கித் துப்புரவு செய்யும் உயிரணுக்களிலும் கண்டது. ஒருவர் புகைக்கிறாரா, எவ்வளவு புகைத்தார் என்பதை அவர் வாயால் சொல்லாமலே, இரத்தத்தின் இவ்வொரு புள்ளியை எண்ணி மதிப்பிடும் அளவுக்கு இது உறுதியான தடயமாய் விளங்குகிறது.

வேறு இரு மாற்றங்களையும் விரைந்து கூறிவிடுவோம். புகையிலுள்ள ஆக்சிகரணிகள் என்.ஆர்.எஃப்.2 என்னும் புரதத்தைக் கட்டவிழ்க்க, அது எதிர்-ஆக்சிகரண மரபணுக்களை எழுப்பும், இது காப்பு. என்.எஃப்.-காப்பா பி என்பது அழற்சிக்குரிய மரபணுக்களை எழுப்பி வெள்ளணுக்களை அழைத்துவரும். அளவோடு இருந்தால் இதுவும் காப்பே, நீடித்தால் திசுவே அரிக்கப்படும். இவற்றோடு, சளியை ஆக்கும் மியூக்5ஏசி என்னும் மரபணுவும் மிகுந்து செயற்படும். காலையில் எழுந்ததும் புகைப்பவர் இருமித் துப்பும் சளி அம்மரபணுவின் கைவேலை.

மெத்தில் புள்ளி ஒருபுறமிருக்க, சுவடியைக் கட்டும் முறையும் உண்டு. 2 மீட்டர் இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. கட்டு நெகிழ்ந்தால் படிக்கலாம், இறுகினால் படிக்கலாகாது. அழற்சி மரபணுக்களின் கட்டினை இறுக்கும் நொதி எச்.டி.ஏ.சி.2. நெடுங்காலப் புகையால் நுரையீரலடைப்பு நோய் கொண்டோரிடம் இந்நொதி குறைந்திருப்பதை, இலண்டனில் பீட்டர் பார்ன்ஸ் முதலானோர் 2005-இல் வெளியிட்டனர். இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. உறிஞ்சும் குழலில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து, அழற்சியை அடக்குவதற்கு இந்நொதியையே நம்பியிருக்கிறது. நொதி குறைந்தால் மருந்து வாயளவோடு நின்றுவிடும். ‘மருந்து இழுத்தும் மூச்சு சீர்ப்படவில்லை’ என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், அவர் சரியாக இழுக்கவில்லை என்று கடிந்துகொள்ளும் முன் இதனையும் எண்ணவேண்டும்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் சிகரெட்டுப் புகையைப் பற்றிய ஆய்வுகள். புகைமூட்டத்துக்கு இவை பொருந்துமா? வேதிப்பொருள்கள் பலவும் பொது. அளவும் கால நீட்சியும் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அப்படியே அளத்தலாகாது. ஆயினும் இரு சான்றுகள் எண்ணத்தக்கன. கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் தம் விருப்பத்தோடு வந்தோரை அளவிட்ட டீசல் புகையில் இரண்டே மணி நேரம் இருத்திப் பின்னர் இரத்தத்தைச் சோதித்தனர். மெத்தில் புள்ளிகள் இடம் மாறியிருந்தன. இரண்டு மணி நேரம் என்பது, மழைநாள் மாலையில் ஃபெடரல் நெடுஞ்சாலை வழியே கிள்ளானுக்குத் திரும்பும் பேருந்துப் பயணத்தின் நேரம்.

மற்றொன்று இன்னும் கவலைக்குரியது. 2008 கோடையில் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது, டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகக் குரங்கு ஆய்வு நிலையத்தின் திறந்தவெளிக் கூடுகளில், பிறந்து சில மாதங்களே ஆன ரீசஸ் குரங்குக் குட்டிகள் இருந்தன. எவரும் திட்டமிடாத ஆய்வு அது. அக்குட்டிகள் இளம்பருவம் எய்தியபோது, அடுத்த ஆண்டு பிறந்தவற்றைக் காட்டிலும் அவற்றின் நுரையீரல் கொள்ளளவு குறைந்திருந்தது. வளர்ந்து முதிர்ந்த பின்னரும் அவற்றின் மூக்குத் திசுவில் மெத்தில் புள்ளிகள் வேறுபட்டிருந்தமையை 2022-இல் வெளியிட்டனர். சில நாள் புகை; வாழ்நாள் தடம். 2005 ஆகஸ்டில் கிள்ளானில் தொட்டிலில் கிடந்த குழந்தைகளுக்கு இன்று இருபது வயதுக்கு மேல். அவர்களுள் சிலர் நம் ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

கருவிலிருக்கும் சேயையும் இது விடுவதில்லை. நார்வே நாட்டுத் தாய்-சேய் ஆய்வில், கருவுற்ற காலத்தில் புகைத்த தாயரின் குழந்தைகளது கொப்பூழ்க்கொடிக் குருதியைச் சோதித்தபோது, முன்னர்ச் சொன்ன ஏ.எச்.ஆர்.ஆர்., சி.ஒய்.பி.1ஏ1 ஆகிய அதே மரபணுக்களில் புள்ளிகள் மாறியிருந்தன. 2012-இல் வெளியான முடிவு இது. ஒரு முறையேனும் மூச்சுவிடும் முன்பே அச்சேயின் சுவடியில் புகை கைவைத்துவிட்டது. நம் நாட்டில் பெண்கள் புகைப்பது மிகக் குறைவு. ஆனால் 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி ஆண்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் புகைப்பவர்கள். அவர்கள் புகைக்கும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

வீட்டுப்புகை என்றதும் மற்றொன்று நினைவிற்கு வருகிறது. கொசுவத்திச் சுருள். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்கு ஈடு என்று கணக்கிட்டது. இரவெல்லாம் கதவடைத்த அறையில் பிள்ளைகளின் தலைமாட்டில் அதனை ஏற்றிவைக்கிறோம். டிங்கிக்கு அஞ்சித்தான் ஏற்றுகிறோம். கொசுவலை அதனினும் நன்று. ஊதுவத்தி, சாம்பிராணி பற்றிக் கேட்பீர்கள். சிங்கப்பூரில் 61,000-க்கும் மேற்பட்ட சீனரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, நெடுங்காலம் மிகுதியாக ஊதுவத்தி ஏற்றியோரிடம் மேற்சுவாசப் பாதைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வழிபாட்டை விடுக என்று நாம் கூற வரவில்லை. பூசையறைக்குச் சன்னல் வைப்பதை எந்த ஆகமமும் தடுத்ததாக நாம் அறியோம்.

இப்போது நம் முதியவரின் கேள்விக்கு விடை கூறவேண்டும்: இனி விட்டு என்ன ஆகும்?

போஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏவ்ரம் ஸ்பைராவும் உடன் ஆய்ந்தோரும், புகைப்பவர், புகைக்காதவர், புகைப்பதை விட்டவர் ஆகியோரின் மூச்சுக்குழலில் மெல்லிய தூரிகையைச் செலுத்தி உயிரணுக்களை எடுத்து, அவற்றில் எந்த மரபணுக்கள் பேசுகின்றன என்று 2004-இல் பட்டியலிட்டனர். புகையால் மாறிய மரபணுக்களுள் பெரும்பாலானவை, பழக்கத்தை விட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் புகைக்காதவரின் நிலைக்குத் திரும்பியிருந்தன. சில திரும்பவில்லை. 2016-இல், ஏறத்தாழ 16,000 பேரின் இரத்த மாதிரிகளைத் தொகுத்து ஆய்ந்தபோதும் இதே வடிவம் தெரிந்தது: மெத்தில் புள்ளிகளுள் பெரும்பாலானவை விட்ட ஐந்தாண்டுக்குள் பழைய நிலையை எய்தின, மிகச் சில முப்பது ஆண்டுக்குப் பின்னும் தடமாய் நின்றன.

எழுத்தே பிறழ்தலும் உண்டு. அதனை மறைப்பது அறமாகாது. குவானினில் ஒட்டிய பென்சோபைரீனால், உயிரணு பிளவுபடும்போது அவ்விடத்தில் தைமின் புகுந்துவிடுவதுண்டு. நாளுக்கு ஒரு பெட்டி வீதம் ஓராண்டு புகைத்தால், நுரையீரல் உயிரணு ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிறழ்ச்சிகள் சேரும் என்று 2016-இல் கணக்கிட்டனர். பிறழ்ந்த எழுத்து தானாகத் திருந்துவதில்லை. ஆயினும் இங்கும் ஒரு வியப்பு. இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கத்தை விட்டவரின் மூச்சுக்குழலில், பிறழ்ச்சி ஏறாத, புகையே படாதவை போன்ற உயிரணுக்கள், இன்றும் புகைப்பவரிடம் இருப்பதைப்போல் நான்கு மடங்கு இருந்தன. சிலரிடம் அவை 40 விழுக்காடு வரை இருந்தன. எங்கோ ஒதுங்கிப் பிழைத்த நல்ல உயிரணுக்கள், புகை நின்றதும் பெருகி, கெட்டவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது ஆய்வாளர் கருத்து. பல்லாண்டு புகைத்தவரிடத்தும் இது நிகழ்ந்திருந்தது.

ஆகவே அம்முதியவரிடம் சொல்லத்தக்க விடை உண்டு. அவ்விடையைத் தமிழில் பிழையறச் சொல்லக் கருவி வேண்டும் என்பதே ஆசிரியர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டுக்குப்பின் இடைநிலைப் பள்ளியில் உயிரியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். எழுத்துப் பிறழ்வுக்கு முத்தாசி என்றும், வெளிப்பாட்டுக்கு வேறு சொல்லும் கற்று, வேறுபாட்டை விளங்கிக்கொள்கிறார்கள். அவர்களின் தாத்தாவும் அம்மாவும் படிக்கும் தமிழ்ச் செய்தியில்தான் இரண்டும் ஒன்றாய்க் குழைந்துகிடக்கின்றன.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் எழுத்துப் பிறழ்வினை விகாரம் என்று அழைக்கின்றன. தமிழகத்தில் திடீர் மாற்றம் என்பர். அது ‘திடீர்’ என்பதற்கு மேல் ஒன்றும் உணர்த்தாத சொல். இலங்கையார் சொல்லே நமக்கு உகந்ததாய்ப் படுகிறது. புணர்ச்சி விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். டி.என்.ஏ.விலும் எழுத்து ஒன்று புதிதாய் நுழையலாம், ஒன்று வேறாகலாம், ஒன்று மறையலாம். குவானின் தைமினாவது திரிதல். நன்னூல் படித்த மாணவன் உயிரியல் ஆசிரியருக்கே இதனை விளக்கலாம். எழுத்து மாறாமல் வாசிப்பு மட்டும் மாறுவதை மரபணு வெளிப்பாட்டு மாற்றம் என்றோ, செய்தித்தாளுக்கு எளிதாக மரபணுச் செயல்மாற்றம் என்றோ வழங்கலாம். ‘மரபணு மாற்றம்’ என்னும் தொடரைச் சோயாவுக்கே விட்டுவிடலாம்.

முதியவரைச் சென்ற மாதம் மீண்டும் கண்டோம். மெத்தில், ஹிஸ்டோன் எதுவும் சொல்லாமல், ஒரு தாளில் ‘க’ என்று எழுதி மேலே புள்ளியிட்டுக் காட்டினோம். எழுத்து அப்படியே இருக்கிறது, புகை வைத்தது இதுபோன்ற புள்ளிகளில்தான் பெரும்பகுதி கை, விட்டால் அவை ஐந்தாண்டுக்குள் பெரும்பாலும் தம் இடத்துக்கு வந்துவிடும் என்றோம். நெடுநேரம் அத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்போ ஊர்ப்புகைக்கு என்ன செய்யுறது ஐயா? அதை நான் பிடிக்கலையே” என்று கேட்டார். உங்கள் வினாக்களுக்கான நேரத்தில், அதிலிருந்தே தொடங்கலாம் என எண்ணுகிறோம்.